ஆடிக் காற்றும் கழலாத நட்டும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் கடைசி சீட்டு முழுவதையும் நாங்கள் பிடித்துக்கொண்டோம். நாங்கள் என்றால் நான், என் அத்தா, ஒரு காற்றாடி. எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம்.

ஒரு முழ நீளத்தில் மூன்று இறக்கைகள். பிளாஸ்டிக் பைப்பை அறுத்துச் செய்தவை. நடுவில் ஒரு கறுப்பு மோட்டார். பிரித்து எடுத்து வந்திருக்கலாம். "வேண்டாம், நான் இறுக்குன நட்டு, அப்படியே இருக்கட்டும்" என்று அத்தா சொல்லிவிட்டார். படியில் ஏற்றும்போது ஒரு பெரியவரின் தலை மயிரிழையில் தப்பியது.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டார்: "என்ன பாய் இது? ஆடிப்பூரத் தேருக்கு விசிறியா?"

"காத்தாடி. கரண்டு எடுக்கும்" என்றார் அத்தா. பிறகு லேசாகச் சிரித்துக்கொண்டு, "நம்ம கைவேலைதான்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சூடாகும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போது நான் பத்தாம் வகுப்பு. நாற்பது நாள் உழைத்துச் செய்த என் காற்றாடி அது. என் பக்கத்திலேயே உட்கார்ந்து, என் காதுபடவே, அதைத் தன்னுடையது என்று சொல்கிறார்.

ஒரு போன்

இந்த வாரப் பத்தியில் இதைத்தான் எழுதப் போகிறேன் என்று தெரிந்ததும் அத்தா போன் செய்தார். அவர் இன்னமும் எங்கள் காயலான் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பழைய பேப்பர் மூட்டை மூட்டையாக எடைக்கு வருகிற கடை. இந்தப் பத்திரிகையை மட்டும் புதிதாகவே வாங்கிப் படிக்கிறார்.

"ஏட்டி, ஸ்கூல்ல நடந்ததையும் எழுதப் போறியா?"

"அதுக்குத்தானே அத்தா எழுதவே போறேன்."

யாருக்கோ எடை போட்டு முடித்துவிட்டுத் திரும்ப வந்தார்.

"எழுது, எழுது. ஒன்னைய எவன் தடுக்க முடியும்?"

அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். அவர் கொடுக்காவிட்டாலும் எழுதியிருப்பேன், அது வேறு விஷயம்.

எரிமலை வேண்டாம்

அது மின்வெட்டுக் காலம். ஒரு நாளில் கரண்டு இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். பக்கத்து மில்லின் இரைச்சல் சட்டென்று நின்றுபோகும். அதன் பிறகுதான் தெருவில் இரண்டு பேர் பேசிக்கொண்டு போவது வீட்டுக்குள் கேட்கும்.

வீட்டுக்குள் வெந்து சாக முடியாமல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவேன். அங்கே வேறு கஷ்டம். மேற்கே மலைப் பக்கமிருந்து காற்று பிய்த்துக்கொண்டு வரும். புழுதியும் மில் பஞ்சும் கலந்த காற்று. ஒரு பக்கம் படிக்க விடாது. புத்தகத்தின் மேல் செங்கல்லை வைத்துப் படித்தவள் நான்.

கயத்தாறில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. அங்கே போகும் வழியெல்லாம் காற்றாலைகள் வரிசையாக நிற்கும். சின்ன வயதில் அவற்றை எண்ணிக்கொண்டே போய், பாதியில் தூங்கிவிடுவேன். மாடியில் செங்கல்லை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் அந்த நினைப்பு வந்தது. கரண்டு இல்லை, காற்று மட்டும் இம்புட்டு அடிக்கிறதே, இதைச் சும்மா விடுவதா என்று ஆத்திரமாக வந்தது. என் அறிவியல் ஆர்வம் ஆத்திரத்தில்தான் தொடங்கியது. வேறு மாதிரி அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி என்றார்கள். எங்கள் டீச்சர் நல்லவர், ஆனால் பயந்த சுபாவம்.

"நீ எரிமலை செய்யேம்மா. களிமண்ணு, சமையல் சோடா, வினிகர், அம்புட்டுதான். சுளுவா முடிஞ்சிரும்."

"நம்ம ஊர்ல எரிமலை எங்க இருக்கு டீச்சர்? காத்துதானே இருக்கு."

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. எரிமலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார். அந்த எரிமலையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காந்தம் இல்லாத மோட்டார்

காயலான் கடைக்காரர் மகளுக்கு ஒரு வசதி. எது வேண்டுமென்றாலும் குவியலில் கிடக்கும். ஒரு வசதிக்கேடும் உண்டு. கிடக்கிற எதுவும் எதற்கு ஆகும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் கடையில் இரும்பு இரும்புதான், செம்பு செம்புதான். அதற்கு மேல் யாரும் பேர் கேட்கமாட்டார்கள்.

நான் முதலில் எடுத்தது மிக்சி மோட்டார். கையால் சுற்றினேன், கயிறு கட்டி இழுத்துச் சுற்றினேன். சின்ன பல்புகூட எரியவில்லை. பாடப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. உள்ளே நிலையான காந்தம் இருந்தால்தான் அது சும்மா சுற்றும்போது கரண்டு தரும். மிக்சிக்குள் காந்தமே கிடையாது. ஒரு வாரம் போச்சு.

பிறகு காந்தம் இருக்கிற மோட்டாரைக் கண்டுபிடிக்க ஒரு வழி கற்றுக்கொண்டேன். அதன் இரண்டு வயரையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை விரலால் சுற்ற வேண்டும். காந்தம் இருந்தால் யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பதுபோல் கனக்கும். குவியலில் பாதியை இப்படித் திருகிப் பார்த்து, கார் ரேடியேட்டருக்கு முன்னால் ஓடுகிற ஃபேனின் மோட்டார் ஒன்றைப் பிடித்தேன். விரல் முழுக்கக் கிரீஸ். சோறு சாப்பிட்டால் சோறும் கிரீஸாக மணக்கும்.

உடைந்த போர்வெல் பைப்பில் இறக்கை வரைந்து, ஆக்ஸா பிளேடால் அறுத்து, அரத்தால் ராவினேன். ஒவ்வொரு இறக்கைக்கும் இரண்டு நாள் ஆனது.

பெரியத்தாவும் ஒரு பொய்யும்

மாடியில் நான் அறுக்கிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்போல. அத்தாவின் அண்ணன், எங்கள் பெரியத்தா, ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் டீ குடிக்கவில்லை. அப்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஏன்டா தம்பி, வயசுக்கு வந்த பிள்ள சுத்தியலும் கையுமா மாடியில நிக்குது. தெருவே அண்ணாந்து பாக்குது. நீ என்ன பண்ணிக்கிட்டு இருக்க?"

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அவ எங்கண்ணே செய்யிறா? நான்தான் செய்யிறேன். அவ ஸ்பேனர் எடுத்துக் குடுக்கா, அம்புட்டுதான்."

பெரியத்தா டீ குடித்துவிட்டுப் போனார்.

நான் அத்தாவிடம் சண்டைக்குப் போனேன். "என்ன அத்தா இது? நீங்க ஒரு இறக்கையாவது அறுத்தீகளா?"

"ஒன்னைய மாடியில விடணும்னா எனக்கு வேற வழியில்லட்டி. ஒரு பொய் சொன்னா நீ என்ன தேய்ஞ்சா போயிருவ?"

நியாயமாகப் பார்த்தால் அந்தப் பொய்தான் என்னை மாடியில் வைத்திருந்தது. அதை இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொய்யிலும் ஒரு ருசி இருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள், "என்ன பாய், காத்தாடி விடுறீகளாமே, பெரிய விஞ்ஞானிதான்" என்பார்கள். அத்தா மறுக்கமாட்டார். முதலில் சிரித்தார். அப்புறம் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். கடைசியில் அவரே நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன்.

டிஷ்ஷைச் சாய்த்த இறக்கை

ஆடி பிறந்தது. பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லுகிற சாயங்கால நேரத்துக்குக் காற்று ஏறும். கம்பத்தில் ஏற்றி வைத்த முதல் நாள் சின்ன எல்.இ.டி. பல்பு எரிந்தது. நான் போட்ட கத்தலில் அம்மா அடுப்பை அணைக்காமல் மாடிக்கு ஓடி வந்தாள். அது எரிந்துகொண்டிருக்கும்போதே காற்றாடியின் நடுவில் இருந்த நட்டு கழன்றது. மூன்று இறக்கையும் ஒன்றாக எழும்பி, எதிர்வீட்டு மாடிக்குப் பறந்து, டிஷ் ஆன்டெனாவில் மோதி விழுந்தன.

எதிர்வீட்டு ரங்கம்மாள் அத்தை வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். ஏசும்போது மட்டும் இரண்டும் கலந்து வரும்.

"ஏமே பிள்ளா! ஆடிக் காத்துல அம்மி பறக்கும்னு கேட்டுருக்கேன். பைப்பு பறந்து இப்பத்தான் பாக்கேன்! என் டி.வி. போச்சே!"

அத்தாதான் போய் டிஷ்ஷை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். வந்த வேகத்தில் ஸ்பேனரை எடுத்து, தன் பலம் முழுவதையும் போட்டு நட்டை இறுக்கினார். "இனி எவன் வந்தாலும் கழலாது" என்றார். மறுநாள் காலை பழைய இரும்பு ஏலம் எடுக்க ஆலங்குளம் பக்கம் கிளம்பிவிட்டார். திரும்பி வர மூன்று நாள்.

அவர் இறுக்கிய நட்டு அன்று சாயங்காலமே இளகியது. நல்லவேளை, இறக்கை பறக்கும் முன் கையில் பிடித்துவிட்டேன். உள்ளங்கையில் அந்த வெட்டு இன்னும் இருக்கிறது.

பலத்தில் குறை இல்லை என்றால் வேறு எதில் குறை? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அம்மா டேபிள் ஃபேனைத் துடைக்கச் சொன்னாள். நீங்களும் துடைத்திருப்பீர்கள். இறக்கைக்கு முன்னால் இருக்கிற மூடியை எல்லா மூடியையும்போல இடப்பக்கம் திருகினால் கழலாது, இறுகும். வலப்பக்கம் திருக வேண்டும். அத்தனை வருடமும் அதைத் திருகியிருக்கிறேன். ஏன் என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

மாடிக்கு ஓடிப் பார்த்தேன். என் காற்றாடி இடப்பக்கமாகச் சுற்றுகிறது. சாதாரண நட்டு கழல்வதும் இடப்பக்கம். காற்று என் இறக்கையை மட்டுமா சுற்றியது, நட்டையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டிருந்தது. அதற்கு எதிர் மரை வேண்டும்.

வலப்பக்கம் சுற்றும்படி இறக்கையை மாற்றி அறுக்கலாம், ஆனால் பைப் மிச்சமில்லை. எனவே மறுபடியும் குவியல். இன்னொரு ரேடியேட்டர் ஃபேன் மோட்டார், இடப்பக்கம் இறுகுகிற மரை, அதோடு அதன் சொந்த நட்டு. கறுப்பு மோட்டாருக்குப் பதில் இன்னொரு கறுப்பு மோட்டார். அத்தா திரும்பி வந்து பார்த்தபோது காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? நான் இறுக்குன இறுக்கு!" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். கோபம்தான்.

"கழட்டிக் காட்டுங்க"

கண்காட்சியில் எல்லாவற்றையும் ஹாலுக்குள் வைக்கச் சொன்னார்கள். ஹாலுக்குள் காற்று ஏது? முடியாது என்று சொல்லி, மைதானத்தில் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சின் மேல் கம்பத்தைக் கட்டி நிறுத்தினேன். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நடுவராக ஒரு பேராசிரியர் வந்தார். காலையிலிருந்து கடையில் வாங்கி வந்த மாடல்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துப்போயிருந்தது. என்னிடம்தான் கேள்வி கேட்டார். பதில் சொன்னது அத்தா. மோட்டார் எங்கே எடுத்தது, பைப் எத்தனை இன்ச், எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு பதில்.

"நீங்க யாரு?"

"பிள்ளையோட அத்தா, சார். காயலான் கடை வச்சிருக்கேன்."

"அப்ப செஞ்சு கொடுத்தது நீங்கதானா?"

அத்தா சிரித்தார். கண்டக்டரிடம் சிரித்த அதே சிரிப்பு. "பொம்பளப்பிள்ளைக்கு இதெல்லாம் என்ன தெரியும் சார்? நம்ம கைவேலைதான்."

நடுவர் பேனாவை எடுத்துத் தன் தாளில் என் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டார். "மாணவர்கள் சொந்தமா செஞ்சதுதான் போட்டியில சேரும்" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

நாற்பது நாள். உள்ளங்கை வெட்டு. கிரீஸ் மணக்கிற சோறு. எல்லாம் ஒரு கோட்டில் போயிற்று.

"பொய்!" என்றேன்.

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. மைதானமே திரும்பிப் பார்த்தது.

"எங்க அத்தா சொல்றது பொய், சார். செஞ்சது நான். அவகதான் செஞ்சாகன்னா, கழட்டச் சொல்லுங்க. செஞ்சவுகளுக்குக் கழட்டத் தெரியாதா?"

நடுவர் நின்றார். டீச்சர் என் கையைக் கிள்ளினார். நான் ஸ்பேனரை எடுத்து, நானே அத்தாவின் கையில் வைத்தேன். தெரிந்தேதான் வைத்தேன். இதைப் படித்துவிட்டு என்னை யாராவது ஏசினால் ஏசிக்கொள்ளுங்கள்.

அத்தாவின் முகம் கறுத்துவிட்டது. ஆனால் முப்பது வருடமாக இரும்பைப் பிரித்துப் பிழைத்தவருக்கு ஒரு நட்டு எம்மாத்திரம்? இறக்கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஸ்பேனரைப் போட்டு இடப்பக்கம் இழுத்தார். அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"துருப் பிடிச்சிருக்கு" என்றார்.

யாரோ ஒரு பையன் சிரித்தான். அத்தா மூன்றாவது தடவை இழுத்தார். ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டி மோட்டாரில் மோதித் தோல் பெயர்ந்தது. ரத்தம் வந்தது.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அழுகைகூட வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அத்தா விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு குனிந்தார். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மரையை உற்றுப் பார்த்தார். நகத்தால் அதன் மேல் ஒரு கோடு இழுத்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எதிர் மரையா?" என்றார். எனக்கு மட்டும் கேட்கிற குரல்.

"ஆமா."

"எப்ப மாத்துன?"

"நீங்க ஏலத்துக்குப் போயிருந்தப்ப."

"நான் இறுக்குனது?"

"அன்னைக்குச் சாயங்காலமே கழண்டுருச்சு."

இப்போது அவருக்கு வழி தெரிந்துவிட்டது. வலப்பக்கம் ஒரு திருகு திருகினால் நட்டு கையோடு வந்துவிடும். நடுவர் நம்பிவிடுவார், பொய்யும் நிலைத்துவிடும். என் காற்றாடி, அத்தாவின் காற்றாடியாகவே ஊர் திரும்பும். அவர் கையில் ஸ்பேனர் இருந்தது.

அத்தா ஸ்பேனரை என் கையில் திருப்பி வைத்தார்.

"சார்" என்றார், மைதானத்துக்கே கேட்கும்படி. "இது என் மக செஞ்சது. எனக்கு இதக் கழட்டக்கூடத் தெரியல."

நான் வலப்பக்கம் ஒரு திருகு திருகினேன். நட்டு கழன்று வந்தது. இறக்கை, வாஷர், மோட்டார், வயர் என்று ஒவ்வொன்றாகப் பெஞ்சில் வரிசையாக வைத்தேன். முதல் நட்டு ஏன் கழன்றது, டிஷ் ஏன் சாய்ந்தது, டேபிள் ஃபேன் மூடி ஏன் அப்படி, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். சொல்லி முடித்து மறுபடி மாட்டினேன். காற்று கொஞ்சம் காக்க வைத்துவிட்டு வந்தது. பல்பு எரிந்தது.

நடுவர் தன் தாளில் போட்ட கோட்டை அடித்துவிட்டு என் பெயரை மறுபடி எழுதினார். எழுத்துப் பிழையில்லாமல் எழுதுகிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வருகையில்

முதல் பரிசு எரிமலைக்குப் போனது. இரண்டாவதும் மூன்றாவதும்கூட எனக்கு இல்லை. போகட்டும். நான் கேட்டது பரிசை அல்ல.

திரும்பும் பஸ்ஸிலும் கடைசி சீட்டுதான். அத்தா விரலில் டீச்சரின் கைக்குட்டையைச் சுற்றியிருந்தார். ஊர் தாண்டியதும் சொன்னார்:

"எல்லார் முன்னாலயும் என்னையப் பொய்யன்னு சொல்லிட்டியேட்டி."

"எல்லார்கிட்டயும் நீங்கதானே அத்தா பொய் சொன்னீக."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கைக்குட்டையில் ரத்தம் ஊறியிருந்ததைப் பார்த்து, அதை அவிழ்த்து இறுக்கமாகக் கட்டிவிட்டேன். கையை நீட்டிக் கொடுத்தார்.

வேறு கண்டக்டர். ஆனால் கேள்வி மாறவில்லை. "என்ன பாய் இது? பெரிய வேலையா இருக்கே. நீங்க செஞ்சதா?"

அத்தா என்னைத் திரும்பிப் பார்க்காமல், "நமக்கு இதக் கழட்டவே தெரியாது தம்பி" என்றார். "அவகிட்ட கேளுங்க."

கண்டக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நான்தான் செஞ்சேன்" என்றேன், டிரைவருக்கும் கேட்கும்படி.